இயேசுவைப் புதிய ஏற்பாடு கடவுளாகக் காட்டுகிறதா? நீங்களே படித்துத் தெளிய ஒரு வழிகாட்டி

இந்தக் கேள்வியோடு வேதாகமத்தைத் திறக்கிறவர்களில் பலர், யாரோ தொகுத்துக் கொடுத்த வசனப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே திறக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இயேசு கடவுளே என்று நிறுவும் பட்டியல் ஒன்றும், அவர் கடவுள் அல்லர் என்று நிறுவும் பட்டியல் ஒன்றும் என்னிடம் இருந்தன. ஒன்றை வைத்து மற்றொன்றை அடிப்பதிலேயே ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. பிறகு ஒரு வேதபாடக் கூட்டத்தில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்று சொல்லும் 1 யோவான் 5:7-ஐ மறுக்க முடியாத சான்றாக நான் எடுத்து வைத்தபோது, எதிரில் அமர்ந்திருந்த பெரியவர் தம்மிடமிருந்த வேறொரு மொழிபெயர்ப்பைத் திறந்து, நான் நம்பியிருந்த சொற்கள் அதில் இல்லவே இல்லை என்பதைக் காட்டினார். நான் படித்த முறையே தவறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதன்பின் முதலிலிருந்து தொடங்கி, ஆறு வாரங்களில் முடித்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நீங்கள் நம்பிக்கையாளராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது உங்களுக்குப் பயன்படும்; ஏனெனில் இங்கே கேட்கப்படுவது இயேசு கடவுளா என்பதன்று, அவரைப் பற்றி இந்த நூல் என்ன சொல்கிறது என்பதே.

1. கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே கேள்வியாக வைத்துக்கொண்டால் ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்வீர்கள். ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் இடுங்கள். முதல் பத்தியில், 'கடவுள்' என்ற சொல்லே இயேசுவுக்கு நேரடியாகச் சூட்டப்படும் இடங்களை எழுதுங்கள். இரண்டாவதில், கடவுளுக்கு மட்டுமே உரியவை என்று அந்த நூலே சொல்லும் பெயர், செயல், வணக்கம் ஆகியவை இயேசுவுக்குத் தரப்படும் இடங்களை எழுதுங்கள். மூன்றாவதில், இயேசு தந்தையிலிருந்து வேறாகவோ, தந்தைக்குக் கீழ்ப்பட்டவராகவோ, அறியாதவராகவோ, வேண்டிக்கொள்பவராகவோ காட்டப்படும் இடங்களை எழுதுங்கள்.

மூன்று பத்திகளும் நிரம்பும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்தி வெறுமையாக இருந்தால் நீங்கள் இன்னும் முழுமையாகப் படிக்கவில்லை என்று பொருள்.

2. தேவையான ஆவணங்களும் செலவும்

குறைந்தது இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் வேண்டும். ஒன்று, 'ஆதியிலே வார்த்தை இருந்தது' என்று தொடங்கும் பழைய திருப்புதல். மற்றொன்று, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம். இரண்டையும் இணையத்திலும் கைப்பேசிச் செயலிகளிலும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனால் அடிக்குறிப்புகள் உள்ள அச்சுப் பதிப்பு ஒன்றாவது கையில் இருப்பது நல்லது. பல செயலிகள் அடிக்குறிப்புகளை விட்டுவிடுகின்றன. இந்தக் கேள்வியில் அடிக்குறிப்பில்தான் பாதிச் செய்தி இருக்கிறது.

மூன்றாவது ஆவணம், கிரேக்கச் சொற்களுக்கு மேல் எண் இட்டிருக்கும் சொல்லுக்குச் சொல் பதிப்பு. வேதாகமத்தில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும், 1890-இல் வெளிவந்த ஸ்ட்ராங் சொல்லடைவின் எண்கள் இன்றும் பெரும்பாலான இலவசக் கருவிகளில் பயன்படுகின்றன. கிரேக்கம் தெரியாதவர்களுக்கும் இந்த எண்கள் போதும். கடவுள் என்று பொருள்படும் 'தெயோஸ்' 2316, ஆண்டவர் என்று பொருள்படும் 'கூரியோஸ்' 2962, பணிந்து வணங்குதலைக் குறிக்கும் 'புரொஸ்குனெயோ' 4352, வழிபாட்டு ஊழியத்தைக் குறிக்கும் 'லத்ரெயுவோ' 3000 ஆகிய நான்கையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கவுரைத் தொகுதிகளை இப்போது வாங்காதீர்கள். நான் தொடக்கத்திலேயே ஒரு தொகுதியை விலை கொடுத்து வாங்கி, அதன் ஆசிரியர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கமே சாய்ந்தேன். எட்டாம் படியை முடித்தபின் எந்த உரை தேவை என்று உங்களுக்கே தெரியும். அதுவரை ஒரு குறிப்பேட்டுக்கும் எழுதுகோலுக்கும் ஆகும் செலவு போதும்.

3. தமிழில் படிப்பதால் வரும் பொறிகளை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். தமிழ் வாசகர்களாகிய நமக்கென்றே சில வழுக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, மரியாதைப் பன்மை. பழைய திருப்புதலில் இயேசு 'என்றார்'. அவருடைய சீடர்களாகிய தோமாவும் பேதுருவும் 'என்றான்'. கிரேக்கத்தில் இந்த வேறுபாடு இல்லை. எல்லோருக்கும் ஒரே வினை வடிவமும் ஒரே சுட்டுப்பெயருமே வருகின்றன. ஒவ்வொரு வரியிலும் இயேசுவைப் பிறரிலிருந்து உயர்த்திக் காட்டும் அந்த 'ஆர்' விகுதி மொழிபெயர்ப்பாளர் தந்தது. அதைச் சான்றாக யாரும் வெளிப்படையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பல நூறு முறை காதில் விழுந்தபின் அது நம் தீர்ப்பைச் சாய்க்கத்தான் செய்யும்.

இரண்டாவது, 'கூரியோஸ்' என்ற சொல். யோவான் 20-ஆம் அதிகாரத்தைப் பழைய திருப்புதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 15-ஆம் வசனத்தில் மரியாள், தோட்டக்காரர் என்று எண்ணி இயேசுவை 'ஐயா' என்கிறாள். 18-ஆம் வசனத்தில் அவள் கண்டது 'கர்த்தரை'. 28-ஆம் வசனத்தில் தோமா 'என் ஆண்டவரே' என்கிறான். மூன்றும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான். அந்தச் சொல் மதிப்புக்குரிய எந்த மனிதரையும் விளிக்கப் பயன்படும்; பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் கடவுளின் திருப்பெயர் வரவேண்டிய இடத்திலும் அதுவே நிற்கும். ஆகவே 'கர்த்தர்' என்று கண்டவுடன் முடிவுக்கு வராதீர்கள். 'ஐயா' என்று கண்டவுடன் ஒதுக்கியும் விடாதீர்கள். சூழல்தான் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, வணக்கச் சொற்கள். ஒரே 'புரொஸ்குனெயோ' பழைய திருப்புதலில் ஓரிடத்தில் 'பணிந்துகொள்', ஓரிடத்தில் 'வணங்கு', ஓரிடத்தில் 'தொழுதுகொள்' என்று மாறி மாறி வருகிறது. மத்தேயு 18:26-இல் கடன்பட்ட ஊழியக்காரன் தன் அரசனுக்குச் செய்வதும், மத்தேயு 14:33-இல் படகிலிருந்த சீடர்கள் இயேசுவுக்குச் செய்வதும், யோவான் 4:24-இல் கடவுளுக்குச் செய்ய வேண்டியதும் இதே வினைதான். எனவே இயேசுவைப் பணிந்தார்கள் என்பது மட்டும் அவரைக் கடவுளாகக் காட்டிவிடாது. மறுபுறம், வெளிப்படுத்தல் 22:8-9-இல் இந்த வணக்கத்தை ஏற்க ஒரு தூதர் மறுத்து, கடவுளைத் தொழச் சொல்கிறார். அதே நூலின் 5-ஆம் அதிகாரத்திலோ, அரியணையில் இருக்கும் கடவுளுக்கும், ஆட்டுக்குட்டியானவர் என்று அங்கே அழைக்கப்படும் இயேசுவுக்கும் படைப்பு முழுவதும் ஒரே குரலில் புகழ் செலுத்துகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அங்கே சொல்லுக்கு எடை கூடுகிறது.

4. ஒரு நற்செய்தியை ஒரே அமர்வில் படியுங்கள்

மாற்கு 16 அதிகாரங்கள். நிதானமாகப் படித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அதை முதலில் படியுங்கள். யோவானிலிருந்து தொடங்கினால் மற்ற நற்செய்திகளையும் யோவானின் கண்ணாடி வழியாகவே பார்ப்பீர்கள்.

மாற்கில் 'இயேசு கடவுள்' என்ற நேரடி வாக்கியம் இல்லை. ஆனால் 2:7-இல் பாவங்களை மன்னிக்கக் கடவுள் ஒருவரையன்றி யாரால் முடியும் என்ற கேள்வி எழுகிறது. 4:41-இல் காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகின்றனவே, இவர் யார் என்ற கேள்வி எழுகிறது. 6:48-இல் அவர் கடலின்மேல் நடக்கிறார். இப்போது யோபு 9:8-ஐயும் சங்கீதம் 107:29-ஐயும் திறந்து பாருங்கள்: கடல் அலைகளின்மேல் நடப்பதும் புயலை அமர்த்துவதும் அங்கே கடவுளின் செயல்கள். மாற்கு விடையை எழுதித் தருவதில்லை, வாசகரிடம் கேள்வியை விட்டுச் செல்கிறார். அதே மாற்கில்தான், கடவுள் ஒருவரைத் தவிர நல்லவர் எவருமில்லை, என்னை நல்லவர் என்பானேன் என்று இயேசு கேட்கும் 10:18-உம், இறுதி நாளைக் குமாரனும் அறியார் என்னும் 13:32-உம் இருக்கின்றன. அவற்றை உடனே மூன்றாம் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்பு யோவானைப் படியுங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

5. 'கடவுள்' என்ற சொல் நேரடியாக வரும் இடங்களைச் சோதியுங்கள்

இவை மிகச் சிலவே. இவற்றில் உறுதியானவற்றையும் ஐயத்துக்குரியவற்றையும் பிரித்து எழுதுங்கள்.

மிகத் தெளிவானது யோவான் 20:28. தோமா இயேசுவை நோக்கி 'என் ஆண்டவரே! என் தேவனே!' என்கிறான். வியப்பில் எழுந்த கூச்சல்தான் இது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தோமா 'அவருக்கு' மறுமொழியாகச் சொன்னதாகவே வாக்கியம் அமைந்திருக்கிறது, அடுத்த வசனத்தில் இயேசுவும் அதை விசுவாசமாகவே ஏற்றுக்கொள்கிறார்.

யோவான் 1:1-க்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'வார்த்தை' என்பது இயேசுவைக் குறிக்கிறது; 14-ஆம் வசனத்தில் அந்த வார்த்தை மனிதராகிறது. வார்த்தை தேவனிடத்தில் இருந்தது என்ற பகுதியில் 'தெயோஸ்' கிரேக்கச் சுட்டிடைச்சொல்லோடு, அதாவது ஆங்கிலத்தின் 'the' போன்ற சொல்லோடு வருகிறது. வார்த்தை தேவனாயிருந்தது என்ற பகுதியில் அது இல்லாமல் வருகிறது. தமிழில் அத்தகைய இடைச்சொல் இல்லாததால் இந்த வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இதை வைத்து 'ஒரு தேவன்' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. இயேசுவைத் தந்தைக்குச் சமமாகக் கொள்ளாத யெகோவாவின் சாட்சிகள் என்ற குழுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு அப்படித்தான் செய்கிறது. ஆனால் அதே அதிகாரத்தின் 6, 12, 13, 18-ஆம் வசனங்களிலும் அந்த இடைச்சொல் இல்லாமலே 'தெயோஸ்' வருகிறது. அங்கெல்லாம் 'ஒரு தேவன்' என்று யாரும் எழுதுவதில்லை. அதற்காக வார்த்தையும் தந்தையும் ஒருவரே என்றும் இந்த வசனம் சொல்லவில்லை. ஒருவரிடத்தில் இருந்தவர் அவரிலிருந்து வேறானவர். வார்த்தை எதுவாக இருந்ததோ அந்தத் தன்மையை மூன்றாம் பகுதி சொல்கிறது என்பதே எனக்குச் சரியாகப்படுகிறது. 'கடவுளாயும் இருந்தது' என்ற திருவிவிலியத்தின் 'உம்' இந்த நுட்பத்தைப் பிடிக்க முயல்கிறது.

எபிரெயர் 1:8, 'தேவனே, உமது சிங்காசனம்' என்று தொடங்கும் சங்கீதம் 45:6-ஐக் குமாரனுக்குப் பொருத்துகிறது. தீத்து 2:13-உம் 2 பேதுரு 1:1-உம் இலக்கண அமைப்பால் இயேசுவைக் கடவுள் என்று அழைப்பதாகவே பெரும்பாலோர் கொள்கின்றனர். ரோமர் 9:5 கிறிஸ்துவைக் கடவுள் என்கிறதா என்பது முற்றுப்புள்ளியை எங்கே வைப்பது என்பதைப் பொறுத்தது; பழைய கையெழுத்துப்படிகளில் நிறுத்தக்குறிகள் மிக அரிது என்பதால் இரண்டு வாசிப்புகளும் நிற்கின்றன. இவரே மெய்யான தேவன் என்னும் 1 யோவான் 5:20-இல் 'இவரே' என்பது தந்தையைக் குறிக்கிறதா, மகனையா என்பது தெளிவில்லை. இந்த இரண்டையும் ஐயத்துக்குரியவற்றில் சேருங்கள்.

6. கையெழுத்துப்படிகளில் வேறுபடும் வசனங்களை விலக்கி வையுங்கள்

என்னைத் தலைகுனிய வைத்த படி இது. 1 யோவான் 5:7-இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்ற வாசகம் பழமையான கிரேக்கக் கையெழுத்துப்படிகளில் இல்லை. அறிஞர் எராஸ்மஸ் முதலில் அச்சில் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளிலும் அது இல்லை. 1522 பதிப்பில்தான் நுழைந்தது. அதை எந்தப் பத்தியிலும் எழுத வேண்டாம்.

1 தீமோத்தேயு 3:16-இல் பழைய திருப்புதல் 'தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்' என்கிறது. கையெழுத்துப்படிகளில் 'தெயோஸ்' இரண்டெழுத்தாகச் சுருக்கி, மேலே ஒரு கோடிட்டு எழுதப்பட்டது. 'அவர்' என்ற பொருள் தரும் 'ஹோஸ்' என்பதும் இரண்டெழுத்து. இரண்டுக்கும் வேறுபாடு ஓரிரு கோடுகளே. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் கையெழுத்துப்படியில் முதலில் எழுதியவர் 'ஹோஸ்' என்றே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் வேறொருவர் திருத்தியிருக்கிறார். அந்தக் கையெழுத்துப்படியின் படங்களை இணையத்தில் கட்டணமின்றி நீங்களே பார்க்கலாம்.

தம் சொந்த இரத்தத்தால் பெற்ற சபை என்று பேசும் அப்போஸ்தலர் 20:28-லும் 'தேவனுடைய சபை', 'கர்த்தருடைய சபை' என்ற இரண்டு வாசகங்கள் உண்டு. யோவான் 1:18 எதிர்த்திசையில் வியப்பளிக்கிறது: பழைய திருப்புதல் 'ஒரேபேறான குமாரன்' என்று சொல்லும் இடத்தில், மிகப் பழைய பாப்பிரஸ் பிரதிகள் சில 'ஒரேபேறான கடவுள்' என்றே வாசிக்கின்றன. ஆக, கையெழுத்துப்படிச் சோதனை ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமானதன்று. இந்தப் படிக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

7. பழைய ஏற்பாட்டு மேற்கோள்களைத் திருப்பிப் பாருங்கள்

இதற்கு இரண்டு முழு வாரங்கள் கொடுங்கள். மற்ற எல்லாப் படிகளையும்விட எனக்கு அதிகம் கற்றுத் தந்தது இதுவே. எந்தப் பட்டியலிலும் இதற்குரிய இடம் தரப்பட்டிருக்கவில்லை.

வேலை எளியது. இயேசுவைப் பற்றிப் பேசும் ஒரு பகுதியில் பழைய ஏற்பாட்டு மேற்கோள் வந்தால், அந்த மூல இடத்தைத் திறந்து, அங்கே அது யாரைப் பற்றிச் சொல்லப்பட்டது என்று பாருங்கள்.

பிலிப்பியர் 2:10-11-ஐ எடுங்கள். இயேசுவின் பெயரில் முழங்கால்கள் யாவும் முடங்கும், நாவுகள் யாவும் அறிக்கை செய்யும் என்கிறார் அந்தக் கடிதத்தை எழுதிய பவுல். மூலம் ஏசாயா 45:23. அதற்கு முந்திய வசனத்திலேயே 'நானே தேவன், வேறொருவரும் இல்லை' என்று கடவுள் பேசுகிறார். கடவுள் ஒருவரே என்பதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லும் அதிகாரங்கள் பழைய ஏற்பாட்டில் மிகச் சில. அங்கிருந்தே சொற்களை எடுத்து இயேசுவுக்குப் பொருத்துகிறார் பவுல். ஆனால் வாக்கியத்தை முடிக்கும்போது, 'பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக' என்று முடிக்கிறார். இந்த வசனம் இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் ஒருசேர உரியது, இரண்டிலும் எழுதுங்கள்.

ரோமர் 10:13-இல் கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான் என்பது யோவேல் 2:32. அங்கே அது கடவுளின் திருப்பெயர். இங்கே 9-ஆம் வசனத்திலிருந்து தொடர்ந்து வாசித்தால் அந்தக் கர்த்தர் இயேசு. எபிரெயர் 1:10-12 சங்கீதம் 102:25-27-ஐக் குமாரனை நோக்கிச் சொன்னதாக எடுத்தாளுகிறது. சங்கீதத்தில் அது வானத்தையும் பூமியையும் படைத்தவரை நோக்கிய வேண்டுதல். யோவான் 12:41, கடவுளை அரியணையில் கண்ட ஏசாயா 6-ஆம் அதிகாரத்துக் காட்சியை நினைவூட்டி, ஏசாயா கண்டது இயேசுவின் மகிமையையே என்கிறது.

1 கொரிந்தியர் 8:6-ஐ உபாகமம் 6:4-க்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். கடவுளாகிய ஆண்டவர் ஒருவரே என்ற இஸ்ரவேலின் அடிப்படை அறிக்கையில் 'கடவுள்', 'ஆண்டவர்', 'ஒருவர்' என்ற மூன்று சொற்கள் இருக்கின்றன. பவுல் அவற்றைப் பகுத்து, பிதாவாகிய ஒரே தேவன் என்றும் இயேசு கிறிஸ்துவாகிய ஒரே கர்த்தர் என்றும் அமைக்கிறார். எல்லாம் அவர் மூலமாய் உண்டானது என்றும் சேர்க்கிறார். இந்தக் கடிதம் கி.பி. 50-களைச் சேர்ந்தது. நற்செய்திகளுக்கு முந்திய ஒரு கடிதத்தில், விளக்கம் எதுவும் தராமல், வாசகர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செய்தியாக இது வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இங்கும் ஒரு பொறி உண்டு. 'கடவுள்' என்ற சொல் கடவுளின் பிரதிநிதிகளுக்கும் தரப்பட்டிருக்கிறது: யாத்திராகமம் 7:1-இல் மோசே பார்வோனுக்குத் தேவனாக்கப்படுகிறார், 'நீங்கள் தேவர்கள்' என்னும் சங்கீதம் 82:6-ஐ இயேசுவே யோவான் 10:34-இல் எடுத்துக்காட்டுகிறார். தூதராக அனுப்பப்பட்டவருக்கு அனுப்பினவரின் பெயரும் அதிகாரமும் தரப்படலாம் என்ற வாதத்தை இலேசாகத் தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு மேற்கோளிலும், இது பிரதிநிதிக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். ஆட்சியும் தீர்ப்பும் பொருந்தலாம். உலகைப் படைத்தது பொருந்துமா? சங்கீதம் 102 அந்த வாதத்துக்கு அடங்கவில்லை என்பதே என் முடிவு.

8. எதிர்த்திசை வசனங்களுக்கு உரிய இடம் கொடுங்கள்

'என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்' (யோவான் 14:28), தந்தையை ஒன்றான மெய்த்தேவன் என்று அழைத்துத் தம்மை அவர் அனுப்பினவராகச் சொல்லும் யோவான் 17:3, அந்த நாளைக் குமாரனும் அறியார் என்னும் மாற்கு 13:32, இறுதியில் குமாரனும் கீழ்ப்பட்டிருப்பார் என்னும் 1 கொரிந்தியர் 15:28 ஆகியவற்றை மூன்றாம் பத்தியில் முழுமையாக எழுதுங்கள். இவற்றை 'மனித நிலையில் சொன்னது' என்ற ஒரே விடையால் கடந்துவிடும் பழக்கம் என்னிடம் இருந்தது. 1 கொரிந்தியர் 15:28 உயிர்த்தெழுந்து உயர்த்தப்பட்ட குமாரனைப் பற்றியது. அந்த விடை அங்கே எளிதில் பொருந்தாது.

அதேபோல், இயேசு கடவுள் என்பதற்காக வழக்கமாகக் காட்டப்படும் யோவான் 10:30-ஐயும் அளந்து பாருங்கள். 'ஒன்றாயிருக்கிறோம்' என்பதில் கிரேக்கச் சொல் 'ஹென்', அதாவது அஃறிணையில் 'ஒன்று'; 'ஒருவர்' அன்று. 17:22-இல் சீடர்களும் அப்படியே ஒன்றாயிருக்க இயேசு வேண்டுகிறார். இவ்வசனத்தைத் தனியே நிறுத்தினால் அது தாங்காது. முன்னும் பின்னும் உள்ள 28 முதல் 38 வரையிலான வாதத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆபிரகாமுக்கு முன்னமே 'நான் இருக்கிறேன்' என்று இயேசு சொல்ல, கேட்டவர்கள் அவர்மேல் கல்லெடுக்கும் 8:58-உம் அப்படியே. அதே கிரேக்கச் சொற்களை 9:9-இல் பார்வை பெற்ற மனிதனும் சொல்கிறான். ஆனால் அவன் யாருக்கும் முன்பே இருந்ததாகச் சொல்லவில்லை, அவன்மேல் யாரும் கல்லெடுக்கவும் இல்லை.

கொலோசெயர் 1:15 இயேசுவுக்குத் தரும் 'முந்தின பேறு' (முதலில் பிறந்தவர்) என்ற சொல்லுக்கு சங்கீதம் 89:27-ஐயும், அடுத்து வரும் 16, 17-ஆம் வசனங்களையும் படிக்காமல் எந்த முடிவும் எழுத வேண்டாம்.

9. கால ஒதுக்கீடும் முடிவை எழுதுதலும்

வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் கொடுக்க முடிந்தால் ஆறு வாரங்கள் ஆகும்: முதல் வாரம் ஆவணங்களும் மாற்கும், இரண்டாம் வாரம் யோவான், மூன்றாம் வாரம் ஐந்தாம், ஆறாம் படிகள், நான்காம், ஐந்தாம் வாரங்கள் மேற்கோள்கள், ஆறாம் வாரம் எட்டாம் படி. மேற்கோள்களுக்கான இரண்டு வாரங்களை மட்டும் சுருக்காதீர்கள்.

முடிவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 'திரித்துவம்' (ஒரே கடவுள் மூன்று ஆட்களாக இருக்கிறார் என்ற கொள்கை) போன்று வேதாகமத்தில் இல்லாத சொற்களைப் பயன்படுத்தாமல், மூன்று பத்திகளையும் தாங்கும் வாக்கியங்களாக எழுத முயலுங்கள். நான் எழுதியது இது: புதிய ஏற்பாடு இயேசுவைத் தந்தையிலிருந்து வேறானவராகவும் தந்தையால் அனுப்பப்பட்டவராகவும் காட்டுகிறது, அதே வேளையில் இஸ்ரவேலின் ஒரே கடவுளுக்குரிய பெயரையும் படைப்புச் செயலையும் புகழையும் அவருக்குத் தருகிறது, எனவே அவரைக் கடவுள்தன்மை உடையவராகவே காட்டுகிறது, ஆனால் இந்த இரண்டையும் எப்படி இணைப்பது என்று தனியே விளக்கி எழுதவில்லை. உங்கள் பக்கம் வேறாக அமையலாம். தந்தை ஒருவரே கடவுள் என்று கொள்ளும் யூனிட்டேரியன் கிறிஸ்தவர்கள் மூன்றாம் பத்தியை அடித்தளமாக்கி மற்ற இரண்டையும் அதன்படி விளக்குகிறார்கள். திருச்சபைகளில் பெரும்பாலானவை மூன்றையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள முயல்கின்றன.

எழுதிய பக்கத்தில் தேதியிட்டு, உங்களோடு உடன்படாத ஒருவரிடம் குறிப்பேட்டோடு சேர்த்துக் கொடுங்கள். அவர் எந்த வசனத்தை நீங்கள் விட்டுவிட்டதாகச் சொல்கிறாரோ, அதைத் தவறாமல் உரிய பத்தியில் சேர்த்து, அந்த ஒரு பக்கத்தை மீண்டும் எழுதுங்கள். விளக்கவுரை வாங்குவதானால், அப்படித் திருத்தி எழுதிய பக்கம் கையில் இருக்கும்போது வாங்குங்கள்.